கட்சிக் குடும்பம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருந்து எழுதுகிறேன். ஆட்டோ ஓட்டுகிறேன். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறார். தாத்தா காலத்தில் இருந்து எங்கள் வீட்டில் ஒரே கட்சி, ஒரே சங்கம். எந்தக் கட்சி என்று எழுதவில்லை, எதுவாக இருந்தாலும் கதை இதுதான். அம்மாவுக்கு ரிட்டயர்மெண்ட் நெருங்குகிறது, கம்பெனி கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிவரும். வீடு கட்ட இடம் வாங்கித் தருவதாக நம் ஆட்கள் சொன்னார்களே, அது என்ன ஆச்சு என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். அரைமணி நேரத்தில் மாமா போன் போட்டு, "அந்தப் பக்கம் உனக்கு எவ்வளவு குடுத்தாங்க?" என்றார். சரி என்று அந்தப் பக்கத்து நண்பனிடம் புலம்பினால் அவன் எங்கள் கட்சியைக் கிழிகிழியென்று கிழிக்கிறான், அவன் கட்சி ஆண்ட ஐந்து வருஷத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. இந்த ஜனங்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள்? பேசாமல் நோட்டாவில் குத்திவிட்டுப் போய்விடலாமா?

ம., மூணாறு

அன்புள்ள ம.,

உங்கள் மாமா கேட்ட கேள்வியை என்னிடம் இரண்டு பக்கத்துக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன தொகையெல்லாம் வந்திருந்தால் இந்நேரம் ஏலத்தோட்டம் வாங்கியிருப்பேன்.

நான் இருப்பது குமுளி. செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் கேரளாவின் இடுக்கி பாராளுமன்றத் தொகுதி, அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் தேனி. 2019 தேர்தலில் இடுக்கியில் காங்கிரசின் டீன் குரியாக்கோசும் இடதுமுன்னணியின் ஜாய்ஸ் ஜார்ஜும் முட்டிக்கொண்டார்கள், மேடைக்கு மேடை வசவு. அதே சமயம் ஆறு கிலோமீட்டரோ என்னவோ மலையிறங்கினால், தேனியில் நின்ற காங்கிரசின் ஈ.வி.கே.எஸ். இளங்கோவனுக்குத் தோழர்கள் அதே அரிவாள் சுத்தியல் கொடியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுக் கேட்டார்கள். தேனியில் ஏப்ரல் 18-ல் வாக்குப்பதிவு, இடுக்கியில் 23-ல். கூடலூர், கம்பத்தில் இருந்து விடிகாலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு தோட்டத்து வேலைக்கு வரும் பெண்கள், கீழே இரண்டு கொடியும் ஒரே வண்டியில் பறப்பதையும் மேலே வந்தால் அதே இரண்டு கொடியும் அடித்துக்கொள்வதையும் தினமும் பார்த்தார்கள். தலைவர்களின் பகை மலையிறங்குவதற்குள் தீர்ந்துவிடுகிறது, மாமாவும் மருமகனும் மட்டும் வருஷக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிய வேண்டுமாம். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான்.

ஆனால் "இந்த ஜனங்கள் ஏன் இப்படி" என்று நீங்கள் கேட்பதோடு எனக்கு ஒத்துப்போக முடியவில்லை. எஸ்டேட்டில் கட்சி என்பது கொள்கை அல்ல என்று உங்களுக்கே தெரியும். பி.எஃப். பணம் நின்றுபோனால் யாரிடம் போவார் உங்கள் அம்மா? ராத்திரி ஒருத்திக்கு வலி கண்டால் ஜீப் பிடித்துக் கொடுப்பது யார்? சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் மலையாளத்தில் மனு எழுதித் தருவது, கங்காணியோடு தகராறு என்றால் மானேஜரிடம் போய்ப் பேசுவது எல்லாமே சங்கத்து ஆள்தான். வீடு கம்பெனியுடையது, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது, அதனால் பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்தாக வேண்டும். இப்படிக் காலுக்குக் கீழே சொந்தமாக ஒரு செண்ட் மண் இல்லாத மனுஷன் மாதாமாதம் சந்தா கட்டி ஒரு கொடியைப் பிடித்துக்கொள்வதை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் மாமா பயந்திருக்கிறார். நீங்கள் குழுவில் போட்டதை எவனாவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து லோக்கல் கமிட்டிக்கு அனுப்பினால் நாளைக்கு அவர் வேலை நடக்காது என்ற பயம்.

அந்தப் பாதுகாப்புக்கு அவர் கொடுக்கும் விலையைப் பற்றி வேண்டுமானால் அவரிடம் பேசலாம். நம் ஊரில் தேர்தலுக்கு ரொம்ப நாள் முன்பே மதில்களுக்கு வெள்ளையடித்து, ஓரத்தில் கட்சி பேரையும் வருஷத்தையும் எழுதி 'புக்டு' என்று போட்டுவிட்டுப் போவார்கள் இல்லையா? அதற்கப்புறம் அந்த மதில் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, எழுத வேண்டிய நாளில் வந்தால் போதும். கட்சிக் குடும்பத்து ஓட்டும் அப்படித்தான். 2011 கேரள சட்டசபைத் தேர்தலில் காங்கிரசின் ஐக்கிய முன்னணிக்கு 72 இடம், இடதுமுன்னணிக்கு 68, ஓட்டு வித்தியாசம் ஒரு சதவிகிதம்கூட இல்லை. ஆட்சியைத் தீர்மானித்தது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகக்கூடிய கொஞ்சம் பேர். அவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் வாக்குறுதியும் போகும். 1982-ல் இருந்து 2016 வரை இரண்டு முன்னணியும் மாறி மாறி வந்தன, 2021-ல் ஆட்சியில் இருந்த இடதுமுன்னணியே 99 இடத்தோடு திரும்பி வந்தது. மாறினாலும் சரி, மாறாவிட்டாலும் சரி, லயத்துக் கூரை அதேதான். பீர்மேடு பக்கம் 2000-ல் மூடிய எஸ்டேட்டுகளில் இன்னமும் ஜனங்கள் ஒழுகும் லயத்தில் கிடக்கிறார்கள், அந்த இடங்களில் ஓட்டுக் கேட்காத கட்சி கிடையாது.

2015 உங்களுக்கு நினைவிருக்கும், அம்மாவே ரோட்டில் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். 20 சதவிகிதம் போனசைக் கம்பெனி 10 ஆக்கியது. அப்போது நாள் சம்பளம் 232 ரூபாய். மூன்று பெரிய சங்கங்களையும் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுப் பெண்கள் 'பொம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று கூடி மூணாறு டவுனை மறித்தார்கள். தங்கள் எம்.எல்.ஏ.வையே விரட்டினார்கள். அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மார்க்சிஸ்ட் கட்சியின் வி.எஸ். அச்சுதானந்தன் வந்தபோது உட்கார இடம் கொடுத்தார்கள், அவரும் அந்த எம்.எல்.ஏ.வின் கட்சிக்காரர்தான்! வந்தவர் தீர்வு வரும்வரை கூடவே உட்கார்ந்தார், அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. ஒன்பது நாளில் 20 சதவிகிதம் கிடைத்தது. அங்கே இருந்தவர்கள் யாரும் கட்சியை ராஜினாமா செய்துவிட்டு வந்து உட்காரவில்லை. மூன்று சங்கத்துச் சந்தா கட்டியவர்களும் தோளோடு தோள் இருந்தார்கள், அதனால்தான் யாருடைய ஆள் என்று முத்திரை குத்த முடியாமல் எல்லோரும் முழித்தார்கள். நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்கள் ஜெயித்தார்கள், அதற்கப்புறம் பிளவு, இழுபறி, பழைய சங்கங்களுக்கே திரும்பிப் போனது எல்லாம் நடந்தது. மூன்றாவதாக ஒரு கொடி நட்டவுடன் அதற்கும் பழைய வியாதி வந்துவிட்டது என்று நினைக்கிறேன். என் நண்பர்கள் சிலர், சங்கங்கள் திட்டமிட்டு உடைத்தன என்பார்கள். இரண்டுமே இருக்கலாம்.

நோட்டா பற்றிக் கேட்டீர்கள். 2013-ல் அந்தப் பொத்தான் வந்தது. எல்லோரையும்விட நோட்டா அதிகம் வாங்கினாலும் அடுத்தபடியாக இருக்கும் வேட்பாளர்தான் ஜெயித்தவர். கோபம் தீரும் என்றால் குத்துங்கள், அம்மாவுக்கு இடம் அதனால் கிடைக்காது.

வாட்ஸ்அப்பில் கேட்பதை விட்டுவிடுங்கள். அங்கே நீங்கள் தனி ஆள், தனி ஆளை அந்தப் பக்கம் தள்ளுவது சுலபம். உங்கள் லயத்திலேயே அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் ரிட்டயர் ஆகப் போகிறவர்கள் யார் யார் என்று பாருங்கள், மூன்று சங்கத்திலும் இருப்பார்கள். வீட்டிடம் என்ற ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எழுதி, எல்லோர் கையெழுத்தும் வாங்கி, ஒரே மனுவாக மூன்று சங்க ஆபீசுக்கும் கலெக்டருக்கும் கொடுங்கள். ஓட்டு யாருக்கு என்ற பேச்சையே அதில் எடுக்காதீர்கள். ஓணத்துக்கு முன்னால் போனஸ் பேச்சுவார்த்தை நடக்கும் சமயத்தில் கொடுத்தால் நல்லது, அப்போதுதான் எல்லாத் தலைவர்களும் ஊரில் இருப்பார்கள்.

மனுவைத் தமிழில் எழுதி அனுப்புங்கள். மலையாளத்தில் மாற்றித் தர குமுளியில் ஆள் இருக்கிறது, காசு வாங்க மாட்டார்.