64 கட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: செஸ் ஆடும் என்ஜினான ஸ்டாக்ஃபிஷை இறக்கி, பலகையைக் காட்டும் அரீனா மென்பொருளில் சேர்த்துவிட்டேன். ஐ5 லேப்டாப், 8 ஜிபி ரேம். நண்பனின் கணினியில் சீக்கிரமே வரும் ஆழம் (எத்தனை நகர்த்தல் முன்னோக்கிப் பார்க்கிறது என்ற எண்) என்னுடையதில் வரவே மாட்டேன் என்கிறது. வேறு கணினி வாங்க வேண்டுமா?
– பொறியியல் மாணவர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம் தம்பி. ஸ்டாக்ஃபிஷ் நிறுவிய கையோடு ஒரே ஒரு த்ரெட்டும் (ஒரே நேரத்தில் ஓடும் கணக்கு வேலை) 16 எம்பி ஹாஷும் வைத்துக்கொண்டுதான் ஓடும். பெரும்பாலானவர்கள் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். டாஸ்க் மேனேஜரில் ‘லாஜிக்கல் பிராசஸர்’ எத்தனை என்று பாருங்கள். எட்டு என்றால் த்ரெட்ஸில் ஆறோ ஏழோ போடுங்கள், மிச்சம் விண்டோஸுக்கு.

ஹாஷ் என்பது என்ஜின் ஏற்கெனவே அலசிய நிலைகளைக் குறித்துவைக்கும் இடம். ஒரே நிலை வேறு வேறு நகர்த்தல் வரிசையில் திரும்பத் திரும்ப வரும். குறிப்பு இருந்தால் மறுபடி கணக்கிட வேண்டியதில்லை. 16 எம்பி நொடிகளில் நிரம்பிவிடும். உங்களுக்கு 2048 எம்பி சரியாக இருக்கும். ஆசைப்பட்டு 6000 போடாதீர்கள். ரேம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கைத் தொட ஆரம்பித்தால் வேகம் படுத்துவிடும்.

இது சின்ன விஷயமில்லை. 2017 டிசம்பரில் கூகுளின் டீப்மைண்ட் உருவாக்கிய ஆல்ஃபாஜீரோ என்ஜின், ஸ்டாக்ஃபிஷ் 8-உடன் 100 ஆட்டம் ஆடி 28-இல் வென்று, மீதி 72-ஐ டிரா செய்தது. அப்போது ஸ்டாக்ஃபிஷுக்கு 64 த்ரெட் கொடுத்தவர்கள், ஹாஷ் மட்டும் 1 ஜிபி கொடுத்தார்கள். அத்தனை த்ரெட்டுக்கு அது எந்த மூலைக்கு? ஸ்டாக்ஃபிஷை உருவாக்கியவர்களில் ஒருவரான டோர்ட் ரோம்ஸ்டாட் இதைக் கேட்டார். ஆளுக்கு நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்று வைத்ததையும் கேட்டார். நேரத்தைப் பங்கிட்டு ஆடும் திறமை அதில் வீணாகிறது. அடுத்த ஆண்டு வந்த ஆய்வுக் கட்டுரையில் ஹாஷ் 32 ஜிபி ஆனது, நேரமும் ஆளுக்கு ஓர் ஆட்டத்துக்கு 3 மணி நேரம் என்று ஆனது. 1000 ஆட்டத்தில் ஆல்ஃபாஜீரோ 155 வென்று 6 தோற்றது. முடிவு மாறவில்லை. ஆனால் இந்த முறைதான் போட்டி நியாயமாக நடந்தது என்பேன்.

இன்னொன்று, எந்தக் கோப்பை இறக்கினீர்கள்? 2020 செப்டம்பரில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து ஸ்டாக்ஃபிஷ் நரம்பு வலையமைப்பை வைத்து நிலையை எடைபோடுகிறது. செயலிக்கு ஏற்ற கோப்பு இல்லையென்றால் அந்த வேலை இழுக்கும். நான்காம் தலைமுறை முதல் வந்த ஐ5-க்கு, பெயரில் ‘avx2’ (ஏவிஎக்ஸ்2) என்று உள்ள கோப்பு. சார்ஜரைச் செருகியே ஓட்டுங்கள்.

கேள்வி: என் மகள் மாவட்டப் போட்டிகளில் ஆடுகிறாள். அவள் ஆட்டங்களை என்ஜினில் போட்டால் ஒரே ஒரு வரி வருகிறது, பக்கத்தில் ஒரு எண். அதை வைத்து அவளுக்கு என்ன சொல்வது?
– ஓர் அம்மா, சேலம்

பதில்: அம்மா, உங்கள் மென்பொருள் இப்போது ஆடுவதற்கான அமைப்பில் இருக்கிறது. ஆட்டத்தில் ஒரு நல்ல நகர்த்தல் போதும், அதனால் மல்டிபிவி (எத்தனை வரி காட்ட வேண்டும் என்ற அமைப்பு) 1. அலசலுக்கு அதை 3 ஆக்குங்கள். ஆழம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. முதல் நகர்த்தல் +0.6, இரண்டாவது +0.5 என்றால் அவள் ஆடியது இரண்டாவதாக இருந்தாலும் குறையே இல்லை. முதலாவது +0.6, அடுத்தது −2 என்றால், அந்த இடத்தில்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இந்த வித்தியாசம் ஒற்றை வரியில் தெரியவே தெரியாது.

ஆட்டத்தைக் கடைசி நகர்த்தலிலிருந்து பின்னோக்கி அலசுங்கள். பின்னால் கண்டுபிடித்தது ஹாஷில் இருப்பதால், முன் நிலைக்கு வரும்போது என்ஜின் அதையும் சேர்த்து எடைபோடும். ஓப்பனிங் புக்கை (தொடக்க நகர்த்தல்களின் தொகுப்பை) அணைத்துவிடுங்கள். இருந்தால் சில மென்பொருள்கள் முதல் நகர்த்தல்களை யோசிக்காமலே ஒப்பிக்கும்.

எண்ணைப் பற்றி: +1.00 என்றால் ஒரு சிப்பாய் கூடுதல் என்பது பழைய கணக்கு. ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல், சமபலமுள்ள இரண்டு என்ஜின்கள் ஆடினால் வெற்றிக்கு 50 சதவீத வாய்ப்பு என்று அர்த்தம். பள்ளிப் பிள்ளைகள் ஆட்டத்தில் +1.00 இரண்டு நகர்த்தலில் தலைகீழாகும். அதற்காக அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

கேள்வி: சிசிஜி டேபிள்பேஸ் (சில காய்களே மிஞ்சிய நிலைகளின் சரியான முடிவுகளைத் தொகுத்த கோப்புகள்) முழுவதும் இறக்க வேண்டுமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: ஐந்து காய் வரை போதும்; 1 ஜிபிக்குள் அடங்கும். ஆறு காய் சுமார் 150 ஜிபி, ஏழு காய் டெராபைட் கணக்கு. எஸ்எஸ்டியில் வையுங்கள். வைத்ததும் இதைப் போட்டுப் பாருங்கள்: கறுப்பு ராஜா g8, சிப்பாய் g7, யானை f6, வெள்ளைக்கு ராஜா d5, ராணி e7. டேபிள்பேஸ் இல்லாமல் ராணிக்குச் சாதகம் என்றே எண் ஓடிக்கொண்டிருக்கலாம். இருந்தால் உடனே 0.00, அதாவது டிரா. யானை f6, h6 என்று மாறி மாறி நின்றே கோட்டையைக் காத்துவிடும்.