பாவித்த கார் வாங்கிய பின் வெளிப்படும் பழுதுகள்: விற்றவரிடம் எதைக் கேட்க முடியும்?

வாசகர் கேள்வி: சுன்னாகத்தில் ஒருவரிடம் இரண்டு மாதங்களுக்கு முன்னர் 2013ஆம் ஆண்டு உற்பத்தியான ரொயோட்டா அக்வா கார் ஒன்றை வாங்கினேன். கனடாவிலுள்ள தமையன் அனுப்பிய பணமும் அதில் அடங்கும். ‘அடிபடாத கார், ஹைபிரிட் பற்றரியும் நல்ல நிலையில் இருக்கிறது’ என்று விற்றவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். மூன்றாவது கிழமையில் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியது. கராஜில் பற்றரியை மாற்ற வேண்டும் என்றார்கள். காரை உயர்த்திப் பார்த்தபோது முன்பக்கச் செசி வெட்டி ஒட்டப்பட்டிருப்பதும் தெரியவந்தது. ‘பார்த்துத்தானே வாங்கினீர்கள்’ என்கிறார் விற்றவர். சி.ஆர். புத்தகத்தில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) அவருடைய பெயரும் இல்லை. பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

பதில்: முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும் என்று இப்போதே உறுதி கூற முடியாது. ஆனால் உங்களிடம் வலுவான ஒரு கோரிக்கை இருக்கிறது. அதற்கான சான்றை நீங்களே அறியாமல் அழித்துவிடக்கூடிய கட்டத்திலும் நிற்கிறீர்கள். ஆகையால் வேறு எதற்கும் முன்னர், காரில் யாரும் கைவைக்க வேண்டாம் என்று கராஜுக்குச் சொல்லிவிடுங்கள். காரின் கணினியில் பதிவாகியுள்ள பழுதுக் குறிகளை அழிப்பது, பற்றரியைக் கழற்றுவது, ஒட்டிய இடத்தைத் திருத்துவது ஆகிய எதுவும் இப்போது நடக்கக்கூடாது. பழுதையெல்லாம் திருத்தி, பழைய பாகங்களையும் கராஜிலேயே விட்டுவிட்டு, பற்றுச்சீட்டோடு மட்டும் சட்டத்தரணியிடம் வருபவர்கள் பலர். அவர்கள் சொல்வது உண்மையாக இருந்தும், அதைக் காட்டுவதற்கு அவர்களிடம் எதுவும் எஞ்சியிருப்பதில்லை.

இலங்கையில் ஒருவர் இன்னொருவருக்குப் பாவித்த காரை விற்பதையும் ஆள்வது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டமே. பொருள் உரிய தரத்தில் இருக்க வேண்டும் என்ற, சொல்லாமலே ஒப்பந்தத்தில் அடங்கும் நிபந்தனை, அந்த வகைப் பொருளை வியாபாரமாக விற்பவரையே அச்சட்டத்தின்படி கட்டுப்படுத்துகிறது. தன் சொந்தக் காரை விற்கும் ஓர் ஆசிரியரையோ வங்கி உத்தியோகத்தரையோ அது கட்டுப்படுத்தாது. அவர்களிடம் வாங்குபவர் தாமே பார்த்து, விசாரித்து, திருப்திப்பட்டு வாங்க வேண்டும் என்பதே பொது விதி. அந்த அளவில் உங்களுக்குக் கிடைத்த பதிலில் உண்மை உண்டு. ஆயினும் இரண்டு இடங்களில் அந்தப் பதில் விற்றவருக்குக் கைகொடுக்காது. இன்ன பொருள் என்று விவரித்து விற்றால், பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும்; நீங்கள் நேரில் பார்த்து வாங்கினீர்கள் என்பதால் மட்டும் அந்தக் கடமை நீங்கிவிடாது. அடுத்ததாக, உண்மையைத் தெரிந்துகொண்டே பொய் சொல்லியிருந்தாலோ, குறையை வேண்டுமென்றே மூடி மறைத்திருந்தாலோ அது மோசடியாகும்; மோசடியால் பெற்ற சம்மதத்தில் நிற்கும் ஒப்பந்தத்தை ஏமாற்றப்பட்டவர் இரத்துச் செய்யலாம். ‘உள்ள நிலையிலேயே பெற்றுக்கொண்டேன்’ என்று நீங்கள் கையொப்பமிட்டிருந்தாலும், மோசடி செய்தவருக்கு அந்த வரி கவசமாகாது.

இந்த இரண்டு வழிகளிலும் கிடைக்கும் பரிகாரம் ஒன்றல்ல. மோசடி நிரூபணமானால் காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். விவரிப்புப் பொய்த்தது என்பது மட்டும் நிரூபணமானால், இரண்டு மாதம் காரைப் பெற்றுப் பாவித்த பின்னர், பெரும்பாலும் நட்டஈடு மட்டுமே கிடைக்கும். சொன்னபடி இருந்திருந்தால் காரின் பெறுமதி என்ன, கையளித்த நாளில் உண்மையில் அதன் பெறுமதி என்ன என்ற வித்தியாசமே அதன் பொதுவான அளவுகோல். சட்டத்தரணி இரண்டையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று என்று சேர்த்தே கோருவார். காரை இரத்துக் கோரிக்கையோடு திருப்பிக் கொடுக்க நினைப்பவர் அதைத் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. குறையைத் தெரிந்த பின்னும் சாதாரணமாகப் பாவித்தால், ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடும். லீசிங்கில் எடுத்த காராயின், அதன் முழுமையான உரிமையாளர் லீசிங் நிறுவனமே என்பதால், அவர்களுக்குத் தெரியாமல் இரத்துப் பேச்சைத் தொடங்க வேண்டாம்.

இனி பழுதுகளுக்கு வருகிறேன். உங்களைக் கூடுதலாக வருத்துவது பற்றரி என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. என் கணிப்பில் உங்கள் கோரிக்கையின் உயிர்நாடி செசிதான். அக்வாவின் ஹைபிரிட் பற்றரி 120 நிக்கல் கலங்களைக் கொண்ட 144 வோல்ற் தொகுதி. பின் இருக்கையின் கீழே அமைந்துள்ளது. வெப்பமும், அதைக் குளிர்விக்கும் விசிறியின் காற்றுவழியில் அடையும் தூசியும் அதன் ஆயுளைக் குறைக்கும். பத்து வருடத்துக்கு மேற்பட்ட ஒரு பற்றரி, விற்ற நாளில் ஒழுங்காக வேலைசெய்து, மூன்று கிழமையில் தானாகவே தளர்ந்துபோவது நடக்கக்கூடிய விடயம். ‘நல்ல நிலையில் இருக்கிறது’ என்று அவர் எழுதியதை, தான் அறிந்த அளவில் சொன்ன கருத்து என்று அவர் விளக்கமும் தருவார்.

செசிக்கு அப்படி விளக்கம் தர இயலாது. இவ்வகைக் கார்களில் லொறிகளுக்கு இருப்பதுபோல் தனிச் செசி கிடையாது. உடற்கூட்டோடு ஒன்றாக, முன்னோக்கி நீளும் இரண்டு பெட்டி வடிவ உருக்குச் சட்டங்களையே நம்மவர்கள் செசி என்கிறார்கள். மோதும்போது திட்டமிட்டபடி மடங்கி, உள்ளே இருப்பவர்களுக்கு விசை போய்ச் சேராமல் தடுப்பது அவற்றின் வேலை. வெட்டி ஒட்டிய சட்டம் அந்த ஒழுங்கில் மடங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எயார் பாக் உரிய கணத்தில் விரிவதும் அந்த மடிப்போடு தொடர்புடையது. இது பணத்தோடு மட்டும் நிற்கும் விடயமல்ல என்பதால், பரிசோதனை முடியும்வரை அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லாதீர்கள். அந்த இடம் தானாக வெட்டுப்படாது. கார் பலமாக அடிபட்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ‘அடிபடாத கார்’ என்ற எழுத்து அதற்கு நேர் எதிராக நிற்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் பாவித்த கார்களின் விலை ஏறியதால், முன்னர் உதிரிப்பாகங்களுக்காக உடைக்கப்பட்டிருக்கக்கூடிய கார்களையும் ஒட்டிப் பெயின்ற் அடித்து விற்பது இலாபமாகிவிட்டது.

பரிசோதனையை எப்படிச் செய்விக்க வேண்டும் என்பதில் கவனம் தேவை. காரின் கணினியை வாசிக்கும் ஸ்கானரைப் பொருத்தியவுடன், எதையும் அழிக்காமல், ஒவ்வொரு திரையையும் படம் பிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு படத்திலும் திகதியும் காரின் மீற்றரும் சேர்ந்து தெரிய வேண்டும். பழுதுக் குறிகளைப் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், ‘குறிகள் கடைசியாக அழிக்கப்பட்ட பின்னர் ஓடிய தூரம்’ என்ற அளவையும் எடுக்கச் சொல்லுங்கள். பல மெக்கானிக்குகள் இந்த எண்ணைத் திறந்து பார்ப்பதில்லை. உதாரணமாக, கையளித்த நாளில் மீற்றர் 1,12,400 என்றும் இன்று 1,13,010 என்றும் இருந்தால் நீங்கள் ஓடியது 610 கிலோமீற்றர். கணினி 640 என்று காட்டினால், கார் உங்கள் கைக்கு வருவதற்கு 30 கிலோமீற்றர் முன்னர் யாரோ குறிகளை அழித்திருக்கிறார்கள் என்று பொருள். எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டு விற்றார் என்ற உங்கள் சந்தேகத்துக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது. பற்றரி பற்றிய பலவீனமான கோரிக்கையும் அதனால் பலம்பெறும். பின் இருக்கையின் கீழேயே உள்ள சிறிய 12 வோல்ற் பற்றரியைக் கழற்றி மாட்டினாலும் அந்த எண் பூச்சியத்துக்குப் போகக்கூடும் என்பதால், அது எப்போது மாற்றப்பட்டது என்பதையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும். இல்லையேல் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் எடுப்பது அந்த விளக்கத்தைத்தான்.

எங்கள் கராஜ்காரர்களின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களிடம் தொழில் பழகியவர்களின் கண்ணுக்கு ஒட்டிய இடம் தப்பாது. ஆனால் வாயால் சொல்வதை எழுத்தில் தர அவர்கள் தயங்குவார்கள். விற்றவர் அவர்களுக்கும் தெரிந்தவராகவோ வாடிக்கையாளராகவோ இருப்பார். ஆகவே இரு தரப்புக்கும் உறவில்லாத ஒரு வாகனப் பொறியியலாளரிடமோ, காப்புறுதி நட்ட மதிப்பீட்டாளரிடமோ படங்களோடு கையொப்பமிட்ட அறிக்கை பெறுங்கள். ஒட்டு ஏறக்குறைய எவ்வளவு பழையது, திருத்தச் செலவு என்ன, இந்தக் குறையோடு சந்தையில் காரின் பெறுமதி என்ன ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்துக்குப் பின்னர் நனைந்த கார்கள் பற்றிய கவலையும் இருப்பதால், கம்பளத்தின் அடியில் வண்டல் இருக்கிறதா, இருக்கைப் பட்டியை முடிவுவரை இழுத்தால் நீர்க்கறை தெரிகிறதா என்றும் அதே நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். புகைப் பரிசோதனையில் சித்தியடைந்த சான்றிதழை விற்றவர் நீட்டினால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். அது அளப்பது புகையை மட்டுமே.

சி.ஆர். புத்தகத்தில் அவருடைய பெயர் இல்லை என்று கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதை முதலில் விசாரித்திருப்பேன். பதிவுபெற்ற உரிமையாளர் கையொப்பமிட்ட, வாங்குபவரின் பெயர் நிரப்பப்படாத மாற்றப் படிவத்தோடு கார் கைமாறுவதைத்தான் ‘ஓப்பன் பேப்பர்’ என்கிறோம். உங்களோடு பேசி, விலை தீர்த்து, பணத்தை வாங்கியவரோடுதான் உங்கள் ஒப்பந்தம். புத்தகத்தில் பெயருள்ளவர் பல மாதங்களுக்கு முன்னரே விற்று ஒதுங்கியவராக இருக்கலாம். அவர் எதிரியாக அல்லாமல் நல்ல சாட்சியாக அமையக்கூடும்: கார் தன்னிடமிருந்தபோது அடிபட்டதா, காப்புறுதிக் கோரிக்கை செய்தாரா, அதை வாங்கியவரிடம் சொன்னாரா என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். ‘சொல்லித்தான் குறைந்த விலைக்குக் கொடுத்தேன்’ என்று அவர் கூறினால், உங்களுக்கு விற்றவர் தெரிந்தே பொய் சொன்னார் என்பதற்கு வேறு சாட்சி அவ்வளவாகத் தேவைப்படாது.

அதோடு, தன் பெயருக்கு மாற்றாமல் கார்களை வாங்கி விற்பவர் வியாபாரியாகவே இருக்கக்கூடும். வீட்டு முற்றத்தில் வைத்து விற்றாலும், தொழிலாகச் செய்தால் அவர் வியாபாரிதான். அவருடைய தொலைபேசி இலக்கம் வேறு கார் விளம்பரங்களிலும் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். அப்படியானால் தரம் பற்றிய நிபந்தனையும் அவரைக் கட்டுப்படுத்தும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் முறைப்பாடு செய்யலாம். அந்த முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு எஞ்சியிருப்பது ஒரு மாதம்.

பலர் செய்வதுபோல முதலில் பொலிஸுக்கு ஓட வேண்டியதில்லை. தண்டனைச் சட்டக்கோவையில் ஏமாற்றுதல் குற்றமே. ஆனால் விற்கும் நேரத்திலேயே வஞ்சக எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும், இல்லையேல் இது குடியியல் பிணக்கு என்று திருப்பி அனுப்புவார்கள். எஞ்சின் இலக்கமோ செசி இலக்கமோ புத்தகத்தோடு ஒத்துவராவிட்டால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் பொலிஸில் முறையிடுங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும், சட்டத்தரணி மூலம் விற்றவருக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். எந்தத் திகதியில் என்ன எழுதினார், அறிக்கை என்ன சொல்கிறது, நீங்கள் கேட்பது என்ன, எத்தனை நாளில் என்பவை அதில் தெளிவாக இருக்கட்டும். கொடுக்கல் வாங்கல் தொடர்பான கடிதமொன்றில் கூறப்பட்டதை மறுக்க விரும்புபவர் பதில் எழுத வேண்டும், மௌனம் ஒப்புதலாகக் கொள்ளப்படலாம் என்று 1948ஆம் ஆண்டின் சரவணமுத்து எதிர் டீ மெல் வழக்கில் உயர் நீதிமன்றம் கூறியது இன்றும் எடுத்தாளப்படுகிறது. ஆகவே அவர் பதில் தராவிட்டாலும் கடிதம் வீண்போகாது. வாட்ஸ்அப் உரையாடல்களை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ் சான்றாக முன்வைக்க இடமுண்டு. தொலைபேசியை மாற்றாமல், செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். தமையன் அனுப்பிய பணம் நேரே விற்றவரின் கணக்குக்குப் போயிருந்தால், அது உங்கள் சார்பில் செலுத்தியது என்று அவரிடமிருந்தும் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். வாங்கியவர் யார் என்ற தேவையற்ற தர்க்கம் அதனால் தவிரும்.

வழக்கு என்று வந்தால், ஒப்பந்தம் நடந்த இடத்திலோ எதிரி வசிக்கும் இடத்திலோ உள்ள மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்கலாம். சுன்னாகத்துக்கு அது மல்லாகம். எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடங்களும் எழுத்தில் இல்லாததற்கு மூன்று வருடங்களும் கால எல்லை என்றாலும், மோசடியைச் சொல்லி இரத்துக் கேட்பவர் அறிந்தவுடனேயே அறிவிக்க வேண்டும். வழக்கு வருடக்கணக்கில் நீளும் என்பதால், மத்தியஸ்த சபையில் முடிக்க முடிந்தால் அதையே நான் பரிந்துரைப்பேன். அங்கே செசி அறிக்கையையும் வாட்ஸ்அப் வரியையும் அருகருகே வைத்தாலே பேச்சின் திசை மாறிவிடுவதுண்டு. விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறேன் என்று அவர் இறங்கிவந்தால், அறிக்கையிலுள்ள பெறுமதி வித்தியாசத்துக்குக் கீழே போக வேண்டாம். காரையே திருப்பி எடுக்கிறேன் என்றால், தொகையையும் திகதியையும் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். பணம் உங்கள் வங்கிக் கணக்கில் சேர்ந்த பின்னரே சாவியையும் சி.ஆர். புத்தகத்தையும் மாற்றப் படிவத்தையும் கையளியுங்கள்.