தென்னாப்பிரிக்காவில் டவுன் பிளானர் (நகரத் திட்டமிடுநர்) வேலை: வாசகர் கேள்விகள்

மகள் மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதுகிறாள். டவுன் பிளானிங் எங்கே படிக்க வைக்கலாம்? (ஃபீனிக்ஸ்)

வீட்டிலிருந்தே போய்வர வேண்டுமென்றால் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். வெளியூர் அனுப்ப மனசிருந்தால் ஜோஹன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகம், இல்லையென்றால் பிரிட்டோரியா பல்கலைக்கழகம். எங்கே சேர்த்தாலும், பணம் கட்டும் முன் அந்தப் படிப்புக்கு பிளானர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலான சாக்பிளானின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள்.

படித்து முடித்துவிட்டேன். விசிட்டிங் கார்டில் 'டவுன் பிளானர்' என்று போடலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

கூடாது. 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி சாக்பிளான் பதிவு இல்லாமல் அந்தப் பெயரில் தொழில் செய்ய முடியாது. முதலில் கேண்டிடேட்டாக (பயிற்சி பிளானராக) அங்கே பதிவு செய்யுங்கள். பதிவு பெற்ற ஒருவருக்குக் கீழே இரண்டு வருடம் போல வேலை பாருங்கள். செய்ததை மாதாமாதம் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். கடைசி வாரத்தில் மொத்தமாக எழுதினால் அது கதையாகத்தான் இருக்கும்.

ஜூலு மொழி தெரிய வேண்டுமா? (வெருலம்)

வேண்டும்.

எனக்கு வீட்டுவசதிக் கொள்கையில்தான் ஆர்வம். வெயிலில் ஸைட்டுக்கெல்லாம் அலையாமல் ஆபீஸிலேயே இருக்கிற மாதிரி வேலை கிடைக்குமா? (சாட்ஸ்வொர்த்)

சாட்ஸ்வொர்த்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே, தம்பி! நீங்கள் குடியிருக்கும் ஊரே ஆபீஸில் உட்கார்ந்து கோடு போட்டவர்களின் வேலைதான். 1950-இல், எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது. டர்பனின் கேட்டோ மேனரில் தோட்டம் போட்டுக் காய்கறி விற்றுப் பிழைத்த நம் இந்தியர்களைக் கிளப்பி, அறுபதுகளில் நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். நடுவில் பஸ் கட்டணம். அந்த வரைபடத்தைப் போட்டவர்களும் படித்த பிளானர்கள்தான்.

1994-இல் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகாவது மாறியதா? 30, 40 சதுர மீட்டரில் லட்சக்கணக்கான ஆர்டிபி வீடுகள் (ஏழைகளுக்கு அரசு கட்டித் தரும் வீடுகள்) எழும்பின. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் மலிவான நிலம் ஊருக்கு வெளியேதான் கிடைக்கிறது என்று பெரும்பாலானவற்றை அங்கேயே கட்டினார்கள். பழைய தப்பு, புதுக் கூரை. 2004-இல் வந்த பிரேக்கிங் நியூ கிரவுண்ட் என்ற வீட்டுவசதிக் கொள்கை இதைத் திருத்தப் பார்த்தது. நில விலை விடவில்லை.

இதெல்லாம் மேஜையில் இருந்தால் உறைக்காது. ஏதாவது ஒரு புதுக் குடியிருப்பில் போய் நின்று பாருங்கள். வரைபடத்தில் தார்ச்சாலை குன்றைச் சுற்றி வளைந்து போகும். சனங்களோ சரிவில் நேரே இறங்கி மினிபஸ் டாக்ஸி நிற்கும் இடத்துக்குப் போவார்கள்; செம்மண்ணில் ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கும். மழை வந்தால் அதுவே வாய்க்கால். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசூலு-நடால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் செத்தார்கள். சரிவிலும் ஆற்றோரத்திலும் இருந்த வீடுகள் எத்தனையோ போயின. தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்பதை அங்கே குடியிருக்கும் கிழவி சொல்வாள், கேட்க ஆள் போனால். ஆகவே ஆபீஸ் வேலை கிடைக்கும். ஸைட்டுக்குப் போகாமல் அதை நீங்கள் உருப்படியாகச் செய்ய மாட்டீர்கள்.

சமூகவியல் படித்தவள் நான். வீட்டுவசதித் துறையில் எடுப்பார்களா? (லெனேஷியா)

எடுப்பார்கள். 1997 வீட்டுவசதிச் சட்டம், வீட்டுரிமை பற்றிய அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவு, அதை வைத்து 2000-இல் வந்த குரூட்பூம் தீர்ப்பு, இந்த மூன்றையும் படித்துவிட்டு இண்டர்வியூவுக்குப் போங்கள். வரைபடம் போடும் க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், அதையும் கற்றுக்கொள்ளுங்கள். பிளானர் என்று மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள். மேலே சொன்னதுதான், பதிவு வேண்டும்.

பக்கத்து ஆர்டிபி வீட்டை அஃபிடவிட் எழுதி வாங்கலாமா? (ஊர் பெயர் இல்லை)

இது வேலை பற்றிய பகுதி, ஐயா. இருந்தாலும் சொல்கிறேன், வேண்டாம். பொதுவாக எட்டு வருடத்துக்கு அந்த வீட்டை விற்கத் தடை உண்டு. டைட்டில் டீட் (வீட்டுப் பத்திரம்) உங்கள் பெயருக்கு மாறாமல் வீடு உங்களுடையது ஆகாது.

முதல் வேலைக்கு முனிசிபாலிட்டியா, தனியார் கம்பெனியா? (டோங்காட்)

முனிசிபாலிட்டி. 2015-இல் ஸ்ப்ளூமா என்ற நிலப் பயன்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு நில விண்ணப்பங்களில் முதல் முடிவு அங்கேதான். எந்த மனு எதனால் திரும்புகிறது என்று இரண்டு மூன்று வருடம் பார்த்துவிட்டால், அப்புறம் கம்பெனிக்காரர்களே உங்களைத் தேடி வருவார்கள். அங்கேயும் பதிவு எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.