வாசகர் கேள்விகள்: சிமென்ட்டுக்குப் பயந்து வைத்த தொப்பி

கேள்வி: பிரேசில் நாட்டுச் சம்பா இசை என்றாலே இறகுக் கிரீடமும் ஜிகினாவும்தான் கண்ணில் நிற்கிறது. அதைப் போய் உழைப்பாளிகளின் இசை என்று சென்ற இதழில் எழுதிவிட்டீர்களே?

பதில்: எழுதினேன்தான், மாற்றிக்கொள்வதாக இல்லை. ரியோ டி ஜெனிரோவில் மங்கேய்ரா என்றொரு குன்று, ஏழைகள் குடியிருக்கும் இடம். அங்குள்ள சம்பாக் குழுவை 1928-ல் தொடங்கியவர்களில் ஒருவர் கார்ட்டோலா. இது அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. இளவயதில் கட்டட வேலைக்குப் போனபோது தலைமுடியில் சிமென்ட் படியாமல் இருக்க ஒரு வட்டத் தொப்பி வைத்துக்கொள்வார். சித்தாள் வேலைக்குத் தொப்பியா? கூட இருந்தவர்கள் விடுவார்களா! கனவான்கள் வைக்கும் உயரத் தொப்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

அவர் பாட்டுகளை விலைக்கு வாங்கிப் பாடகர்கள் பேர் வாங்கினார்கள். அப்புறம் ஆளையே காணோம், செத்துப்போனார் என்றுகூடப் பேச்சு. 1956-ல் செர்ஜியோ போர்ட்டோ என்ற பத்திரிகையாளர் ரியோவின் இப்பனேமா பகுதியில் அவரைப் பார்த்தபோது, கார் கழுவிக்கொண்டிருந்தார். தனி இசைத்தட்டு முதன்முதலாக வந்தது 1974-ல், 65 வயதில். இவ்வளவு பட்டவர் பாட்டில் வசவு இருக்கும் என்று நினைத்துக் கேட்டேன். ரோஜாவும் காதலும்தான் இருந்தன. எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

கேள்வி: பிரேசில்காரர்கள் பேசும் போர்ச்சுகீஸ் தெரியாத நான் எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

பதில்: எனக்கும் தெரியாது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரே பாட்டை ஒரு வாரம் கேட்டவன் நான். சீக்கோ புவார்க்கே 1971-ல், ராணுவ ஆட்சிக் காலத்தில் பாடிய 'கான்ஸ்ட்ருசாவ்'. 'கட்டுமானம்' என்று அர்த்தம். ஒரு கொத்தனார் மனைவிக்கு முத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார், சுவர் எழுப்புகிறார், சோறு தின்கிறார், தடுமாறி விழுந்து நடுத்தெருவில் சாகிறார். அவ்வளவுதான் கதை. ஆனால் மூன்று முறை சொல்லப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அடியின் கடைசிச் சொல் மட்டும் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும், செங்கல்லை எடுத்து மாற்றி வைப்பதுபோல. அந்தச் சொற்கள் எல்லாமே கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் அழுத்தம் விழுபவை. நம் இயைபு மாதிரி ஒலி ஒத்துப்போவதில்லை, அழுத்தம்தான் ஒத்துப்போகிறது. அடிக்கு அடி ஏதோ சரிந்து விழுகிற மாதிரியே இருக்கும்.

செத்தவர் முதல் தடவை போக்குவரத்துக்கு இடைஞ்சல். இரண்டாம் தடவை பொதுமக்களுக்கு இடைஞ்சல். மூன்றாம் தடவை சனிக்கிழமைக்கே இடைஞ்சல்! அந்தச் சொல்லை அகராதியில் தேடிப் பிடித்தபோது முதலில் சிரித்தேன். பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டேன்.

கேள்வி: கஷ்டத்தைச் சிரித்துக்கொண்டே பாடுகிறவர்கள் உண்டா?

பதில்: சாவோ பாவ்லோ நகரத்துப் பாடகர் அடோனிரான் பார்போசா. இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை, சாப்பாட்டுத் தூக்கு சுமந்தது முதல் பார்க்காத வேலை இல்லை. 1964-ல் வந்த அவருடைய 'பதினொரு மணி ரயில்' பாட்டில் ஒருவன் காதலியிடம் கெஞ்சுகிறான்: இன்னும் ஒரு நிமிஷம்கூட இருக்க முடியாது, வீடு ஜாசனாவில், இந்த ரயிலை விட்டால் இனி காலையில்தான், நான் போகாமல் அம்மா தூங்கமாட்டாள். நகரத்தின் ஓரத்தில் குடியிருக்கிறவனுக்குக் காதலிலும் கடைசி வண்டி நேரம் உண்டு. மறு வருஷமே அந்த ரயில் பாதையை மூடிவிட்டார்கள்.

தெருவில் பேசுகிற கொச்சையிலேயே எழுதுவார். வேறொரு பாட்டில், இலக்கு என்பதற்கு 'ஆல்வோ' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஆல்வரோ' என்று ஒரு ஆம்பளைப் பெயரைப் போட்டுப் பாடினார். 1973-ல் தணிக்கைக்காரர்கள் ரசனைக் குறைவு என்று அந்தப் பாட்டைத் தடுத்தார்கள். 1980-ல் பாடகி எலிஸ் ரெஜினாவோடு சேர்ந்து பாடிப் பதிவு செய்தார். ஆல்வரோ அப்படியேதான் இருக்கிறார்.