ஐ.நா. அமைதிப்படையில் காசு யாருக்குப் போகிறது? கேள்வி பதில்

கண்ணன்: சார், அமைதிப்படைச் சிப்பாய்க்கு ஐ.நா. எவ்வளவு சம்பளம் தருகிறது?

சம்பளமே தருவதில்லை. 2022 ஜூலை முதல் தலைக்கு மாதம் 1,448 டாலர், அவர் நாட்டு அரசுக்குப் போகிறது. நேபாளமோ ருவாண்டாவோ, எல்லோருக்கும் ஒரே விகிதம். அதில் சிப்பாயின் பங்கை அந்த அரசுதான் முடிவு செய்யும். ஐ.நா. அவர் கையில் தருவது நாளுக்கு 1.28 டாலர் படி. விடுப்பு நாட்களுக்கு 10.50 டாலர், அதுவும் ஆறு மாதத்துக்கு 15 நாள் வரைதான்.

செல்வி: அப்படியென்றால் ஏழை நாடுகளுக்கு நல்ல லாபம்தானே?

தலைக்கணக்கில் மட்டும் பார்த்தால் மிச்சம் உண்டு. கணக்கு கவிழ்வது தளவாடத்தில், அதாவது படை அனுப்பும் நாடு ஐ.நா.வுக்கு வாடகைக்கு விடும் வண்டி வகையறாவில். 'வெட் லீஸ்' என்றால் வண்டியும் உங்களுடையது, பராமரிப்பும் உதிரிப்பாகமும் உங்கள் தலையில், வாடகை கூடுதல். 'டிரை லீஸ்' என்றால் வண்டி மட்டும் உங்களுடையது, பராமரிப்பை ஐ.நா. பார்த்துக்கொள்ளும். வாடகை ஆசையில் வெட் லீஸ் எழுதிவிட்டு, உதிரிப்பாகத்தைச் சொந்த நாட்டிலிருந்து கப்பலில் அனுப்பலாம் என்று நினைப்பவர்கள்தான் மாட்டுகிறார்கள். வண்டிகள் வந்து இறங்கியதும் ஒரு சோதனை, பிறகு காலாண்டுக்கு ஒரு சரிபார்ப்பு அறிக்கை. ஒப்பந்தத்தில் எழுதிய எண்ணிக்கையில், வகைக்கு வகை 90 சதவீதம் ஓடும் நிலையில் இருக்க வேண்டும். பத்துக் கவச வண்டியில் ஒன்று படுத்தால் தாங்கும், இரண்டு படுத்தால் வாடகை வெட்டு.

சூடானின் டார்ஃபூரில் இருந்த அமைதிப்பணிக்கு நேபாளக் காவல்துறை வாங்கிய கவச வண்டிகள் தரமற்றவை. அந்த வழக்கில் 2012-இல் மூன்று முன்னாள் காவல்துறைத் தலைவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். வாங்கும்போதே சோதியுங்கள்; அங்கே போய் இறங்கிய பிறகு சரிசெய்ய வழியில்லை.

முருகேசன்: 1,448 டாலரை ரூபாயில் மாற்றினால் சிப்பாய்க்கு லட்சத்துக்கு மேல் வருமே?

முதல் பதிலைப் படியுங்கள். அது அரசின் பணம்.

அகிலன்: அரசைத் தாண்டி நேரே சிப்பாய்க்கே கொடுத்தால் என்ன?

சோமாலியாவில் அந்த முயற்சி நடந்தது. அது ஆப்பிரிக்க ஒன்றியத்தின் படை, காசு ஐரோப்பிய ஒன்றியத்துடையது. அதில் புருண்டி நாட்டுச் சிப்பாய்களும் இருந்தார்கள். 2016-இல் புருண்டி அரசின் வழியே காசு தர ஐரோப்பா மறுத்தது. சிப்பாய்கள் மாதக்கணக்கில் வெறுங்கையோடு நின்றார்கள். படையைத் திருப்பி அழைப்பேன் என்றது புருண்டி. 2017 தொடக்கத்தில் ஒரு வணிக வங்கி வழியே கொடுப்பதாக முடிந்தது.

செல்வி: அது ஐரோப்பாவின் பிழை, சார். யோசனை சரிதான்.

யோசனையை நான் குறை சொல்லவில்லை. மாற்று வழியைத் திறந்துவிட்டுப் பழைய வழியை மூடியிருக்க வேண்டும். வரிசை மாறியதில் அடிபட்டவர் களத்தில் நின்றவர்.

அகிலன்: ஐ.நா. பணமும் தாமதமாகிறதே?

ஆமாம். ஐ.நா.வின் கையில் காசு இருந்தால்தான் நாடுகளுக்குப் பட்டுவாடா. அமைதிப்படைச் செலவில் அமெரிக்காவின் பங்கு 26 சதவீதத்துக்கு மேல். அதன் சட்டமோ 25-க்கு மேல் கட்டத் தடை போடுகிறது. அந்த இடைவெளி ஆண்டுதோறும் பாக்கியாகச் சேர்கிறது. கடனில் வண்டி வாங்கிய நாட்டுக்குக் காசு வரும்வரை வட்டி ஓடும்.

ராஜா: நான் தனியாக விண்ணப்பிக்கலாமா? 1,448 டாலர் கிடைக்குமா?

சிப்பாய்கள் படைப்பிரிவாகத்தான் போவார்கள், தனி விண்ணப்பம் கிடையாது. இரண்டாவது கேள்விக்கு, முதல் பதில்.