நீர்த்தாங்கியில் இறங்கிய கடற்கழுகு

அன்புள்ள ஐயா,

கடந்த வாரம் விடியற்காலையில் உடுப்புக் காயப்போட மொட்டைமாடிக்கு ஏறியபோது, நீர்த்தாங்கியின் மேல், ஐந்தாறு முழத் தொலைவில், ஒரு பெரும் பறவை மீனொன்றை மிதித்தபடி நின்றது. தலையும் வயிறும் தூவெள்ளை. முதுகும் சிறகும் சாம்பல் நிறம். என்னைக் கண்டதும் சிறகுகளை விரித்துக் கோபத்தோடு உற்றுப் பார்த்தது. பிறகு மீனைக் காலில் இடுக்கிக்கொண்டு வடக்கே பறந்துவிட்டது. கருடன் வந்தது நல்ல சகுனம் என்கிறார் அம்மா. அது என்னைத் தாக்க எண்ணியதா? மீன்தலைகளை வைத்தால் மீண்டும் வருமா?

வாசகி, உப்புவெளி

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மா கருடன் என்று கும்பிடுவது செம்பருந்தை. அதன் சிறகு செங்கல் நிறமாக இருக்கும். நீங்கள் கண்டது வெண்வயிற்றுக் கடற்கழுகு. சிறகு விரித்தால் ஏறத்தாழ 2 மீற்றர் அகலும் அப்பறவையை இவ்வளவு அருகில் கண்டவர்கள் நம் ஊரில் மிகச் சிலரே.

அது உங்களைத் தாக்க எண்ணவில்லை. இரையோடு நிற்கும் கழுகு, பறித்துக்கொள்ள யாரேனும் வருவதாகத் தோன்றினால், சிறகைக் கூடாரம்போல் விரித்து இரையை மூடிக்கொள்ளும். கோபம் என்று நீங்கள் கண்டதும் முகத்தின் அமைப்பே: கண்ணுக்கு மேல் எலும்பு விளிம்பொன்று புருவம்போல் நீண்டிருக்கிறது, கண்கள் குழிக்குள் அதிகம் சுழலாதவை என்பதால், எதைப் பார்ப்பதானாலும் அது தலையையே முழுதாகத் திருப்ப வேண்டியிருக்கிறது.

எனக்கும் ஒருமுறை அந்த முகம் கிடைத்தது. மார்கழி மாதத்து வாடைக்காற்றில், திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு அருகே சுவாமி மலை விளிம்பில் நின்று கீழே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மிகக் கீழே, அலைக்கு மேல், ஒரு சாம்பல் முதுகு நகர்ந்தது. கழுகின் முதுகை மேலிருந்து காண்பது அதுவே முதல்முறை. கடலிலிருந்து வரும் காற்று அந்தச் செங்குத்துப் பாறையில் மோதி மேல்நோக்கித் திரும்புவதால், சிறகை ஒருமுறையும் அடிக்காமல், அகன்ற 'வி' வடிவில் பிடித்தபடியே அது உயர்ந்து உயர்ந்து என் முகத்துக்கு நேரே வந்து, ஒரு மூச்சுநேரம் காற்றில் நின்றது. இறகற்ற கணுக்கால்களையும், வழுக்கும் மீனைப் பற்றுவதற்கென்றே சொரசொரத்த அடிப்பாதங்களையும் அன்று கண்ணால் கண்டேன். என்னைப் பொருட்படுத்தாமல் அது விலகிச் சென்றதை இன்றும் பெரும் பேறாகவே எண்ணுகிறேன்.

ஆகவே மீன்தலை வைக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். முதலில் காகங்கள்தான் கூடும்; கழுகு வந்தாலும், மனிதரை அஞ்சாத கழுகு கவண்கல்லுக்கு எளிய இலக்காகிவிடும். மாடியில் பழைய தங்கூசி (நைலோன் இழை) வலை கிடந்தால் அதையும் அகற்றிவிடுங்கள். நகம் சிக்கினால் அதனால் மீள முடியாது.

மீனை அங்கேயே தின்று முடிக்காமல் கொண்டுபோனது என்பதே என் மனதில் நிற்கிறது. உங்களைக் கண்டு விலகியதாகவும் இருக்கலாம். குஞ்சுக்குக் கொண்டுபோனதாகவும் இருக்கலாம். வடக்கே உயர்ந்த மரமொன்றில் பெருஞ்சுள்ளிகளால் ஆன கூடு தெரிகிறதா என்று மாடியிலிருந்தபடியே பாருங்கள். ஆண்டுதோறும் அதே கூட்டின்மேல் சுள்ளி அடுக்குவது அதன் வழக்கம். கண்டால் மரத்தடிக்குப் போகாமல் எனக்கு எழுதுங்கள். இடத்தை நான் இங்கே வெளியிட மாட்டேன்.