கால்சியம் கிட்னி செல்லை கொல்லுதுன்னா நெத்திலியை நிறுத்தணுமா?

காசிமேட்டுலேர்ந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. வீட்டுக்காரர் லாஞ்ச்ல தொழிலுக்கு போறவர், கடல்ல இருந்தப்போ ரெண்டு நாளா வயித்தால போயிருக்கு, இடுப்பு வலிக்கு டெய்லி டைக்ளோபெனாக் வேற போட்டிருக்கார், கரைக்கு வந்து டெஸ்ட் எடுத்தா கிரியாட்டினின் (கிட்னி வேலை கொறஞ்சா ரத்தத்துல ஏறுற கழிவு) 2.8. கால்சியமும் புரோட்டீனை வெட்டுற என்சைமும் சேர்ந்துதான் கிட்னி செல்லை சாகடிக்குதுன்னு பையன் எங்கயோ படிச்சு சொல்ல, பால், நெத்திலி ரெண்டையும் நிறுத்திட்டாங்களாம்.

அக்கா, பையன் படிச்சது சரிதான், ஆனா அது தட்டுல இருக்குற கால்சியத்தை பத்தி இல்ல. செல்லுக்கு வெளிய எப்பவுமே கால்சியம் இருக்கும், உள்ள இருக்குறதை விட சுமார் 10,000 மடங்கு ஜாஸ்தி, அது உள்ள கசியக் கசிய செல் வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். லாஞ்ச் அடியில சேருற தண்ணிய பம்ப் போட்டு எடுக்குறாங்களே, அதே வேலை. டீசல் தீந்து பம்ப் நின்னா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம். செல்லுக்கு டீசல் ஏடிபி, ரத்தம் ஒழுங்கா வந்தாதான் அது கிடைக்கும். இவருக்கு உடம்புல தண்ணி வத்தி கிட்னிக்கு ரத்தம் கொறஞ்சிருக்கும், அந்த நேரத்துல கிட்னியோட ரத்தக்குழாயை விரிச்சு வைக்கிறது புராஸ்டாகிளான்டின், வலி மாத்திரை அதையும் தடுத்துடும்.

பம்ப் நின்னதும் கால்சியம் உள்ள ஏறும், சும்மா கிடந்த கால்பெயின்ங்கிற என்சைம் முழிச்சுக்கும். செல்லோட சவ்வுக்கு அடியில ஸ்பெக்ட்ரின்னு ஒரு புரோட்டீன் வலை மாதிரி பின்னி தாங்கிட்டிருக்கும், கால்பெயின் அதைத்தான் அறுக்குது. வலை அறுந்தா சவ்வு குமிழ் குமிழா ஊதி, செல், கிட்னிக்குள்ள யூரின் ஓடுற சின்ன குழாயோட சுவத்தை விட்டு பிஞ்சு வந்து, அந்த குழாயையே அடைச்சுக்கும். இப்படி அடிபட்ட கிட்னியோட யூரினை மைக்ராஸ்கோப்புல பாத்தா சேத்து கலர்ல கட்டி கட்டியா தெரியும்.

கால்பெயினை தடுக்குற மருந்து லேப்ல, மிருகங்கள்கிட்ட நல்லா வேலை செஞ்சிருக்கு, மனுஷங்க கிட்னிக்குன்னு மாத்திரையா இன்னும் வரல. ஆனா இந்த குழாய் செல்லுங்க திரும்ப வளரும் அக்கா, அதான் பெரிய ஆறுதல், நேரத்துக்கு பாத்தா நிறைய பேருக்கு கிரியாட்டினின் இறங்குது.

அதனால முதல்ல நிறுத்த வேண்டியது வலி மாத்திரை, நெத்திலி இல்ல. புரூபெனும் அதே ரக வலி மாத்திரைதான், அதுவும் வேணாம். பால், மீன் அளவு, கால்சியம் மாத்திரை எல்லாம் ரத்தத்துல பொட்டாசியம், பாஸ்பரஸ், கால்சியம் பாத்துட்டு கிட்னி டாக்டர் சொல்லட்டும். யூரின் கொறஞ்சாலோ, கால் வீங்குனாலோ, மூச்சு வாங்குனாலோ நாளைக்கு பாக்கலாம்னு இருக்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, நிறைய தண்ணி குடின்னு வீட்லயே வைக்காதீங்க. போகும்போது அவர் போட்ட மாத்திரை அட்டை, காலியா இருந்தாலும் பரவால்ல, கையோட எடுத்துட்டு போய் காட்டுங்க.